கையில் ஊசி... மனசில் நிம்மதி!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் துழாவிப் பாருங்களேன். ரெண்டு இலை, பாதி ரோஜாவோடு நின்றுபோன தலையணை உறை ஒன்று கிடைக்கும். பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் சிக்கு விழுந்த கலர் நூல்கண்டுகள் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக ஆரம்பித்தது. அப்புறம் குழந்தை, ஸ்கூல், டிபன் பாக்ஸ், மாமனார் மாமியார் என்று வருஷம் ஓடிப் போச்சு. 'இனிமே நமக்கு எதுக்கு எம்பிராய்டரி?' என்று மூடி வைத்திருப்பீர்கள்.

அதைத்தான் வெளியே எடுக்கச் சொல்கிறோம். ஆரோக்கியத்துக்காக!

"ஊசி நூலுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ரெண்டு வகை வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பகல் முழுக்க டி.வி.யே துணையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வீடு ஒன்று. கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க் ஆர்டர் எடுத்து, ராத்திரி 12 மணி வரை குனிந்தபடியே தைக்கும் பெண்கள் வீடு இன்னொன்று. முதல் வீட்டுக்கு ஊசி மருந்தாகலாம். இரண்டாவது வீட்டில் அதே ஊசி கழுத்து வலி, கண் வலி என்று வியாதியைக் கொண்டுவரலாம். எல்லாம் அளவில்தான் இருக்கிறது!

சானடோரியம் காலத்து வைத்தியம்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய அனுபவத்தோடு, டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

அப்போது காசநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943இல்தான். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு... வைத்தியம் அவ்வளவே. மாசக்கணக்கில் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு உடம்பைவிட மனசு சீக்கிரம் தளர்ந்துவிடும் அல்லவா? அதனால் ஐரோப்பா, அமெரிக்கா சானடோரியங்களில் ஜுரம் விட்டதும் நோயாளிகளுக்குக் கூடை பின்னுதல், ஸ்வெட்டர் பின்னுதல், எம்பிராய்டரி என்று கைவேலை கொடுத்தார்கள். அதுவும் இஷ்டப்படி இல்லை. இன்றைக்கு இவ்வளவு நேரம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று டாக்டர்தான் அளவு சொல்வார். மாத்திரை எழுதிக் கொடுப்பது மாதிரியே!

'ஊசி வேலை பொம்பளைங்க சமாசாரம்' என்று சொல்லும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல். முதல் உலகப் போரில் கை கால் ஊனமுற்றுத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, 1918இல் லண்டனில் எம்பிராய்டரிக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. துப்பாக்கி பிடித்த கைகள் தேவாலயத் திரைகளுக்கும் மேஜை விரிப்புகளுக்கும் பூத்தையல் போட்டன. அந்தக் காலத்தில்தான் 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற தனித் துறையே வளர்ந்தது. 'செயல்வழிச் சிகிச்சை' என்று சொல்லலாம். நம் நாட்டில் இதற்கு முதல் பள்ளியை, அமெரிக்காவில் பிறந்து நம் ஊர் மருமகளாக வந்த கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

மூளைக்கு என்ன லாபம்?

ஒரு சின்ன சங்கிலித் தையல் போடும்போது உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். கண் இடத்தைப் பார்க்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைப் பிடிக்கின்றன. இன்னொரு கை துணியை இழுத்துப் பிடிக்கிறது. அடுத்த தையல் எங்கே என்று மூளை கணக்குப் போடுகிறது. ஒரே மாதிரி அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மூச்சும் நிதானத்துக்கு வருகிறது. ஜபமாலை உருட்டுகிற மாதிரிதான்!

அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 85 வயதும் அதற்கு மேலும் ஆன 256 பேரைச் சுமார் 4 வருஷம் கவனித்தார்கள். நடு வயதிலும் முதுமையிலும் தையல், நெசவு, மண்பாண்டம் போன்ற கைவேலைகள் செய்து வந்தவர்களுக்கு, ஞாபக சக்தி குறையும் ஆரம்ப நிலை வரும் வாய்ப்பு 45 சதவிகிதம் குறைவாக இருந்தது. நாலு பேரோடு பழகி வந்தவர்களுக்கு 55 சதவிகிதம் குறைவு.

உடனே 'தைத்தால் மறதி வியாதியே வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூளை நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து தைக்கிறார்கள் என்றும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து போகிறது என்பது வரைதான் ஆய்வு சொல்கிறது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஸ்வெட்டர் பின்னும் 3,545 பேரிடம் விசாரித்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனசு அமைதியாக இருப்பதாகச் சொன்னார்கள். குழுவாகச் சேர்ந்து பின்னுகிறவர்களுக்குச் சந்தோஷமும் பழக்கவழக்கமும் கூடியிருந்தது. கைவேலையோடு கூட்டாளியும் வேண்டும்!

டாக்டர்கள் மீட்ட தையல்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி 1993இல் அங்கே ஓர் ஓலைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தால் ஜனங்கள் ஆரோக்கியமாகிவிட மாட்டார்கள், கையில் வேலையும் வருமானமும் வேண்டும் என்பது போகப் போக அவர்களுக்குப் புரிந்தது.

அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பழைய உடைகளில் கண்ணாடி, சோழி வைத்து அற்புதமான பூத்தையல் இருந்தது. ஆனால் அந்தத் தையல் தெரிந்தவர்கள் ஊரில் ஒன்றிரண்டு வயதான பெண்களே! அவர்களை வைத்தே இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 'போர்கை' என்ற கைவினை அமைப்பு அப்படித்தான் பிறந்தது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பெருமை' என்று அர்த்தம். 'எனக்கு ஒரு வித்தை தெரியும், நாலு பேர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்' என்ற பெருமை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய டானிக் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சடை விழுந்த கம்பளி

"எல்லாம் சரிதான், எனக்குக் கண்ணும் தெரியல, விரலும் மடங்கல. நுணுக்கமா எங்கே தைக்கிறது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதுதான் ஃபெல்ட்.

ஃபெல்ட் என்றால் நெய்யாத, பின்னாத கம்பளித் துணி. எப்படி உண்டாகிறது? ஆட்டு ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் ரோமங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு, திரும்பப் பிரியாதபடி இறுகிவிடும். எண்ணெய் காணாத தலைமுடி சடை விழுகிறதே, அந்த மாதிரி! வாஷிங் மெஷினில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தை சைஸுக்குச் சுருங்கி வருவதும் இதனால்தான்.

உலகத்தின் மிகப் பழைய துணி வகைகளில் ஒன்று இது. சைபீரியாவின் பஸிரிக் கல்லறைகளில் 2,000 வருஷத்துக்கும் பழைய ஃபெல்ட் விரிப்புகள் பனியில் உறைந்து கெடாமல் கிடைத்திருக்கின்றன. காஷ்மீரில் இதற்கு 'நம்தா' என்று பெயர். நம்தா மேல் பூ போடுவது எதனால் தெரியுமா? இங்கே கல்யாண பிளவுஸில் வேலை செய்கிறோமே, அந்த ஆரி ஊசியேதான்!

நம் பக்கத்தில் ஃபெல்ட் பழக்கம் வளரவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து 'மெட்ராஸ் சிவப்பு' ஆட்டுக்குக் கம்பளி ரோமமே கிடையாது, வெறும் குட்டை முடிதான். நல்ல மெல்லிய கம்பளி தரும் நம்மூர் ஆடு என்றால் நீலகிரி ஆடுதான். அதனால் கம்பளி ரோமத்தை நாம் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். ஸ்டேஷனரி கடையில் ஸ்கூல் பிராஜெக்டுக்கு விற்கிற ஃபெல்ட் ஷீட் பெரும்பாலும் பாலியெஸ்டர். பழகுவதற்கு அதுவே போதும்.

வயசானவர்களுக்கு ஃபெல்ட் ஏன் சௌகரியம்? வெட்டினால் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கிற வேலை மிச்சம். துணி தடிமனாக இருப்பதால் ரிங் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டாம். பெரிய ஊசி, தடித்த நூல், பெரிய பெரிய தையல் போதும். எண்ணித் தைக்கிற கஷ்டமும் இல்லை. நீலகிரி தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மாதிரி வரையாமல் துணி இழைகளை எண்ணியே தைப்பார்கள். அது இளம் கண்களுக்கு. நமக்கு ஃபெல்ட்!

வீட்டிலேயே செய்யலாம்

டில்லியில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டில் பழைய கம்பளி ஸ்வெட்டர் நிச்சயம் இருக்கும். 100 சதவிகிதம் கம்பளி என்று லேபிளில் இருக்க வேண்டும். அக்ரிலிக் என்றால் எத்தனை தேய்த்தாலும் இறுகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு அலசித் தேய்த்து, தண்ணீர் மாற்றி மறுபடி தேய்த்தால் கெட்டியாகிவிடும். நிழலில் உலர்த்தி வெட்டிக்கொள்ளுங்கள்.

கம்பளி ரோமம் கிடைத்தால், பழைய கோரைப் பாய்த் துண்டின் மேல் மெல்லிசாகப் பரப்புங்கள். முதல் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே... இப்படி 4 அடுக்கு. மேலே கிழிந்த கொசுவலைத் துண்டைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் 10 நிமிஷம் மெதுவாக வட்டமாகத் தேய்க்கவும். ரோமம் ஒட்டிக்கொண்டதும் வலையை எடுத்துவிட்டு, பாயோடு சுருட்டி, சப்பாத்திக் கட்டை மாதிரி முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். திசை மாற்றி மாற்றி உருட்டினால் நாலா பக்கமும் சமமாகச் சுருங்கும். கடைசியில் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

காலையில் விரல் மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு இந்த வெந்நீர் வேலை இதமாகவே இருக்கும். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்கள் மட்டும் தண்ணீர் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். சூடு தெரியாமல் கை வெந்துவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ரோமத்தைச் சிக்கெடுக்கும் இடத்தில் உட்காராமல் இருப்பது நல்லது.

கண்ணே பத்திரம்!

40 வயது தாண்டியதும் ஊசி கோர்க்க முடியாமல் கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறீர்களா? வெள்ளெழுத்து வந்தாச்சு. வெட்கப்படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டும் முடியவில்லை, கரு நீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, விளக்கைப் பார்த்தால் கூசுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். அந்த வகையில் நூல் டப்பாவே வீட்டிலிருக்கும் ஒரு கண் பரிசோதனைப் பெட்டி! சர்க்கரை உள்ளவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

நடு ஹாலில் டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழலே துணி மேல் விழும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். காலை 10 மணி ஜன்னல் வெளிச்சத்துக்கு ஈடே இல்லை. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு முருங்கை மரம் போதும்! உற்றுத் தைக்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துபோகும், அதனால்தான் எரிச்சல். ஆரம்பத்தில் மேட்டித் துணி மாதிரி இழை பெரிதாகத் தெரியும் துணியும், அதற்கு எடுப்பான நிறத்தில் நூலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் ஒரு மூட்டை

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்துக்கு அது பாரமே இல்லை. 60 டிகிரி குனிந்தால்? கழுத்தெலும்பு மேல் விழும் சுமை 27 கிலோ அளவுக்குப் போகும் என்று 2014இல் ஒரு டாக்டர் கம்ப்யூட்டர் மாதிரி மூலம் கணக்கிட்டிருக்கிறார். ஒரு அரிசி மூட்டை! ஆரி ஸ்டாண்டு முன்னால் தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் குனிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்டாண்டை உயர்த்தி வைத்து, முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலியில் உட்காருங்கள். கையில் பிடித்துத் தைப்பவர்கள் மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் வேலையை வைத்தால் துணி கண்ணுக்குப் பக்கத்தில் வரும். தலை துணியைத் தேடிப் போக வேண்டாம்.

கட்டைவிரல் அடியில் மணிக்கட்டோரம் வலி, ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கம் கலைவது, மடக்கிய விரல் டக்கென்று மாட்டிக்கொள்வது... இவை வந்தால் கை ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். தைலம் தேய்த்துக்கொண்டே தைக்காதீர்கள். ரெண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அதிலும் விரல் மாட்டிக்கொள்வது சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக வரும்.

ஊசி ஜாக்கிரதை!

விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக்கூடாது என்று பாட்டி சொல்வார் இல்லையா? காரணம் எதுவாக இருந்தாலும், மங்கல் வெளிச்சத்தில் ஊசி கைமாறினால் தொலையும் என்பது நிஜம். நம் வீடுகளில் எல்லோரும் வெறுங்காலில் நடக்கிறோம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு ஊசி குத்தியதுகூடத் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியவரும். விரலையோ காலையோ இழக்கும் அளவுக்குப் போன கதைகள் உண்டு.

* எத்தனை ஊசி எடுத்தீர்களோ, முடிக்கும்போது அத்தனையும் எண்ணி வையுங்கள். காந்தம் ஒன்று டப்பாவில் இருக்கட்டும்.

* வாயில் ஊசி, குண்டூசி கடித்துக்கொண்டே பேசுவது கூடவே கூடாது. ஒரு இருமல் போதும், ஊசி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

* ஃபெல்ட் ஊசியில் முள் உண்டு, ஆரி ஊசியில் கொக்கி உண்டு. முனை உடைந்து விரலுக்குள் நின்றுவிட்டால் நோண்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாச்சு என்று கேட்டு டி.டி. போடுவார்கள்.

* ஒருவரைக் குத்திய ஊசியை இன்னொருவர் வாங்கித் தைக்க வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் சில, ரத்தம் மூலம் பரவக்கூடியவை. ஊசி அவரவருக்குத் தனி.

* கம்பளிக்குப் பூச்சி வராமல் இருக்கப் பாச்சை உருண்டை போடுவோம். அப்படி வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். பிறவியிலேயே ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியாலேயே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

நாலு பேர் கூடினால்...

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். தனியாக உட்கார்ந்து தைத்தால் கை மட்டும் வேலை செய்யும். கூடி உட்கார்ந்தால் வாயும் மனசும் சேர்ந்து வேலை செய்யும்!

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 5 பேர், வாரம் ஒரு மதியம், ஒன்றரை மணி நேரம் போதும். ஃபிளாட்டின் காமன் ஹால், கோயில் மண்டபம், சர்ச் ஹால், யார் வீட்டு வராந்தாவாவது சரி. நூலும் ஊசியும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். பழைய பட்டன், துண்டுத் துணி என்று தேடுகிறவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கவே இருக்கிறது. மாதம் ஒருமுறை குழுவாகக் கிளம்பி, 1996 முதல் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போய்வந்தால் தென்னாட்டுக் கைவேலைகளை நேரிலேயே பார்க்கலாம்.

ஆளுக்கு 6 அங்குல சதுரத்தில் ஒரு ஃபெல்ட் துண்டு, அதில் அவரவர் மனசில் இருப்பது. ஒருவருக்குப் பிறந்த ஊர்க் குளம், இன்னொருவருக்குத் தாம்பரம் ரயில், மற்றொருவருக்குப் பேத்தியின் பெயர். எல்லாத் துண்டுகளையும் இணைத்தால் சுவரில் மாட்ட ஒரு படம் ரெடி. நவராத்திரிக்குக் கொலுப் படியில் சின்னச் சின்ன ஃபெல்ட் பொம்மைகள் வைக்கலாம். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், ரம்ஜானுக்குப் பிறை என்று அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்கு எந்த மாத்திரையும் ஈடாகாது.

ஒரே ஒரு விதி. போட்டி கூடாது! 'உங்க தையல் கோணலா இருக்கே மாமி' என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த வாரம் அந்த மாமி வரமாட்டார். ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆன பிறகு அதிகமாகத் தனித்துப் போகிறவர்கள் அவர்கள்தான்.

சில சந்தேகங்கள்

"கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாக இருக்கிறது. தைக்கச் சொல்லலாமா?"

முதலில் செயல்வழிச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், கட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் இதற்கான வசதி உண்டு. மேஜையோடு திருகிப் பொருத்தும் ஃபிரேம், முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி, ஓட்டை போட்ட அட்டை, தடித்த கம்பளி நூல் என்று படிப்படியாக ஆரம்பிப்பார்கள். முதல் நாள் 5 நிமிஷம் போதும்.

"தைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஊசி நழுவி, கை சொன்னபடி கேட்கவில்லை..."

ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள்! வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா பாருங்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று நேரத்தை விட்டுவிடக் கூடாது.

"ஆர்டர் எடுத்துத் தைப்பதுதான் என் வருமானம். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்தால் கட்டுப்படி ஆகுமா?"

ஆகும். எழுந்து தோளைச் சுழற்ற ஒரு நிமிஷம்தான். கழுத்து பிடித்துக்கொண்டு ரெண்டு வாரம் படுத்தால் எத்தனை பிளவுஸ் நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முகூர்த்த மாசத்தில் ஆர்டரைத் தோழியோடு பிரித்துக்கொள்வதும் ஒரு வழி.

"எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, அழுகையாக வருகிறது. எம்பிராய்டரி உதவுமா?"

ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர்தான் வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஊசி வேலை சிகிச்சைக்குத் துணையாக இருக்கும், அதற்குப் பதிலாக ஆகாது.

உங்களுக்கான மருந்துச் சீட்டு

காலையில் டிபன் வேலை முடிந்ததும் ஜன்னலோரம் 20 நிமிஷம் ஒரு வேளை. விருப்பம் இருந்தால் சாயந்திரம் விளக்கு வைப்பதற்கு முன் இன்னொரு வேளை. வாரம் ஒருநாள் நாலு பேரோடு. கண்ணாடி, வெளிச்சம், மடித் தலையணை மூன்றும் பத்தியம். ஊசியை எண்ணி வைப்பது கட்டாயம்.

ஆரம்பிக்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து ஃபிளாட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கும் ஒரு மாமியோ தாத்தாவோ உங்களுக்குத் தெரிந்திருக்குமே? நாளைக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். "சும்மா ஒரு பூ தைக்கலாம்னு இருக்கேன், கூட உட்காருங்களேன்" என்று கேளுங்கள். அவருக்கும் சேர்த்து இன்னொரு ஊசி கோர்த்து எடுத்துப்போக மறக்காதீர்கள்!